விற்ற பீர் குறைவு, வந்த பணம் அதிகம்: இது என்ன கணக்கு?

பாடாங் செராய் மளிகை எழுதியது:

வணக்கம். நான் இங்கே வாசிக்க மட்டும் வருகிறவன். எழுதியது இதுவரை இரண்டோ மூன்றோ தடவைதான். கெடா, பாடாங் செராயில் மளிகைக்கடை. மாமனார் ஆரம்பித்தது, 1992இல் என் கைக்கு வந்தது. அரிசி, பருப்பு, மீன் டின், பூசைச் சாமான், இவற்றோடு பீரும் உண்டு. அந்த லைசன்ஸும் மாமனார் எடுத்ததுதான்.

ஒருகாலத்தில் ஊரைச் சுற்றி எல்லாம் ரப்பர். இப்போது பாதி செம்பனை, மீதி தாமான் (வீடமைப்புப் பகுதி). தோட்டத்துப் பிள்ளைகள் கூலிம் ஹைடெக் பேட்டைக்கு பஸ் ஏறிப் போகிறார்கள். தோட்டத்தில் வேலை செய்வது வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும். அவர்கள் என்னிடம் வெங்காயமும் டாப்-அப்பும் வாங்குவார்கள், பீர் வாங்க மாட்டார்கள். ஆக, பீர் வாங்குகிற கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது என்பது எனக்கு முன்பே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். மகன் பினாங்கில் வேலை செய்கிறான். என் பேரில் ஹைனெகன் மலேசியா பங்கு கொஞ்சம் வாங்கிப் போட்டான். "அப்பா, நீங்கள் விற்கிற சரக்குக்கு நீங்களும் ஒரு முதலாளி" என்று கேலி வேறு. அன்றிலிருந்து எனக்கு ஆண்டறிக்கை வாசிக்கிற வியாதி பிடித்துவிட்டது. போன வாரம் ஆம்ஸ்டர்டாம் தாய்க் கம்பெனியின் 2023 கணக்கில் சில பக்கங்களை அவன் அச்சடித்துக் கொண்டுவந்தான். கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, ஆள் இல்லாத நேரத்தில் பென்சிலால் கோடு போட்டு வாசித்தேன்.

அதில் ஒரு இடம் மண்டையைக் குடைகிறது. அந்த வருஷம் விற்ற பீரின் அளவு 4.7 விழுக்காடு குறைந்திருக்கிறது. வரி போக வந்த வருமானமோ 5.5 விழுக்காடு கூடியிருக்கிறது. சரக்கு குறைந்தால் காசும் குறைய வேண்டாமா? மூன்று தடவை வாசித்தேன், அச்சுப் பிழையோ என்றுகூட நினைத்தேன்.

அப்புறம்தான் என்னுடைய 555 புத்தகங்களை, அதாவது சின்னக் கணக்குக் குறிப்பேடுகளை, எடுத்தேன். கடன் எழுதவும் சரக்கு எழுதவும் இன்றைக்கும் அதேதான். 2019இல் மாதம் 40 பெட்டி டின் பீர் போயிருக்கிறது, டின் 6.50 வெள்ளி (ரிங்கிட்). இப்போது 31 பெட்டிதான், டின் 8.50. பெட்டிக்கு 24 டின். அன்றைக்கு மாதம் 6,240 வெள்ளி, இன்றைக்கு 6,324 வெள்ளி. ஒன்பது பெட்டி குறைந்தும் கல்லாவில் 84 வெள்ளி கூட. அட, நானும் ஆம்ஸ்டர்டாம்காரனும் ஒரே வேலையைத்தான் செய்கிறோமா?

கடையில் பார்க்கிறதையும் சொல்லிவிடுகிறேன். பழைய தண்டல் (தோட்டத்து மேஸ்திரி) ஒருவர் வருவார், எழுபத்தைந்து வயதுக்கு மேல். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பெரிய போத்தல். இப்போது ஒரு சின்ன டின், இரண்டு கிளாஸ். கூட்டாளியோடு கடைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்குப் பாதி. நுரை யார் கிளாஸில் அதிகம் என்று தகராறு வேறு நடக்கும். இந்த மனிதர்தான் அறிக்கையில் 4.7 விழுக்காடாக வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சந்தேகம். ஐரோப்பா முழுக்க ஒரே சந்தை, எல்லையில் சுங்கம் கிடையாது, பாதிப் பேருக்கு மேல் ஒரே காசு என்கிறார்கள். அப்படியானால் பீர் விலை மட்டும் ஏன் நாட்டுக்கு நாடு அத்தனை வித்தியாசம்? அந்தச் சந்தை இந்தக் கம்பெனிகளுக்கு லாபமா, தொல்லையா? கணக்கு தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். எனக்கு ஐந்தாம் படிவத்துக்கு மேல் படிப்பில்லை, அதற்குத் தகுந்த மாதிரி சொல்லுங்கள்.


கூலிம் பையன் எழுதியது:

அங்கிள், ரொம்ப யோசிக்காதீங்க. இப்போது எல்லாரும் குறைவாகக் குடிக்கிறார்கள், நல்லதாகக் குடிக்கிறார்கள். சாதா பீரை விட்டுவிட்டு விலை கூடியதுக்குப் போகிறார்கள். ஆல்கஹாலே இல்லாத 0.0 கூட 2017இலிருந்து விற்கிறார்கள். அதனால்தான் அளவு குறைந்தாலும் பணம் கூடுகிறது. எங்கள் பேக்டரி ஆட்கள் எல்லாம் அப்படித்தான்.


கிராணி மகன் எழுதியது:

அண்ணே, நான் பெட்டாலிங் ஜெயாவில் முப்பது வருஷத்துக்கு மேல் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் 555 கணக்கைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி சொன்னதில் உண்மை உண்டு, ஆனால் அது சின்னப் பங்கு. முதலில் பெருக்கலைப் பார்ப்போம். போன வருஷம் 100 பெட்டி விற்று 100 வெள்ளி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் 95.3 பெட்டி, 105.5 வெள்ளி. வகுத்தால் பெட்டிக்கு ஏறக்குறைய 1.107 வெள்ளி. அதாவது ஒரு பெட்டியின் மேல் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருக்கிறது. விலை கூடிய பீருக்கு மாறினதால் மட்டும் ஒரே வருஷத்தில் இவ்வளவு வராது. விலையை ஏற்றினார்கள், அவ்வளவுதான். ஏற்றியதும் உங்கள் தண்டல் மாதிரி ஆட்கள் பாதி கிளாஸுக்கு இறங்கிவிட்டார்கள். (இந்த 5.5 என்பது நாணய மாற்றத்தையும், அந்த வருஷம் புதிதாக வாங்கின, விற்ற தொழில்களையும் ஒதுக்கிவிட்டுப் போட்ட கணக்கு. அறிக்கையின் முன்பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் இந்த மாதிரிக் கணக்குதான். முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.)

ஏன் ஏற்றினார்கள்? 2022 பிப்ரவரியில் உக்ரேன் போர் வந்தது. ரஷ்யாவும் உக்ரேனும் பார்லி ஏற்றுமதியில் பெரிய கைகள். எரிவாயு விலை எகிறியது. போத்தல் செய்கிற கண்ணாடி உலை இரவு பகல் அணையாமல் எரிவது அந்த வாயுவில்தான். பார்லியை முளைகட்டி உலர்த்தவும் சூடு வேண்டும், வடிக்கவும் சூடு வேண்டும். டின்னுக்கு அலுமினியம். இதையெல்லாம் பெரிய கம்பெனிகள் அன்றாட விலைக்கு வாங்குவதில்லை, முன்கூட்டியே விலை பேசி வைக்கும். அதனால் 2022இன் சூடு 2023இன் கணக்கில்தான் முழுசாகத் தெரிந்தது. யூரோ நாடுகளில் விலைவாசி 2022இல் 8.4 விழுக்காடும், 2023இல் 5.4 விழுக்காடும் ஏறியது.

இப்போது நீங்கள் கோடு போடாத வரிக்கு வாருங்கள். வருமானம் 5.5 கூடியது. செயல்பாட்டு லாபம்? அதே மாதிரிக் கணக்கில் 1.7 விழுக்காடுதான். எல்லாம் கழித்து கடைசியில் நின்ற நிகர லாபம் 2022இல் 2.68 பில்லியன் யூரோ, 2023இல் 2.30 பில்லியன். குறைந்திருக்கிறது! வியட்நாமில் மந்தம், நைஜீரியாவில் நைரா விழுந்தது. ரஷ்யத் தொழிலை 2023 ஆகஸ்டில் ஒரே ஒரு யூரோவுக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள், அதில் நட்டம் 300 மில்லியன் யூரோ. உங்கள் கடையில் ஒரு டின் விற்கிற காசுக்கு ஒரு நாட்டுத் தொழிலையே கொடுத்திருக்கிறார்கள், இன்னும் மிச்சமும் கிடைத்திருக்கும்.

விலைவாசி ஏறுகிற காலத்தில் கணக்குப் புத்தகம் ஒரு மாதிரி பொய் சொல்லும். உங்களுக்கே நடந்திருக்கும். 2023 செப்டம்பரில் இறக்குமதி வெள்ளை அரிசியை, அதை நாட்டுக்குள் கொண்டுவருகிற பெர்னாஸ் கம்பெனி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200க்கு ஏற்றியது. பத்துக் கிலோவுக்கு 8.50 வெள்ளி. அன்றைக்கு உங்கள் கடையில் பழைய விலைக்கு வாங்கின 50 மூட்டை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது விலைக்கு விற்றால் 425 வெள்ளி கூடுதல் லாபம் மாதிரித் தெரியும். அதே 50 மூட்டையைத் திரும்ப அடுக்கப் போனால் அந்த 425ஐயும் எடுத்து வைக்க வேண்டும். கையில் நின்றது என்ன? ஒன்றுமில்லை. லாபம் என்று நினைத்து மகளுக்குத் தோடு வாங்கியிருந்தால் அடுத்த மாதம் அலமாரி காலி.

இதே வியாதி 1973க்குப் பிறகு ஐரோப்பாவையும் நம்மையும் சேர்த்தே பிடித்தது. அந்த வருஷம் ஜனவரி 1ஆம் தேதி பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க் மூன்றும் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் ஒன்றாகச் சேர்ந்தன. டப்ளின் கின்னஸும் கோப்பன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க்கும் ஒரே நாளில் பெரிய சந்தைக்குள் வந்தன என்று சொல்லலாம். பத்து மாதம்கூட நிம்மதியாக இருக்க விடவில்லை, எண்ணெய் நெருக்கடி வந்துவிட்டது. பிரிட்டனில் 1975இல் விலைவாசி ஏற்றம் 24 விழுக்காடு. பழைய செப்புக் கொப்பரைக்குப் பழைய விலையில் தேய்மானம் எழுதி, பழைய பார்லிக்குப் பழைய விலையில் செலவு எழுதி, புதுக் காசில் விற்பனை எழுதினால் எந்த ஆலைக்கும் லாபம் வீங்கித்தான் தெரியும். அந்த வீக்கத்துக்கும் வரி! அதனால்தான் 1974 நவம்பரில் அந்த நாட்டு நிதி அமைச்சர் டெனிஸ் ஹீலி சரக்கிருப்பு லாபத்துக்கு வரிச் சலுகை கொடுத்தார். அடுத்த வருஷம் சாண்டிலண்ட்ஸ் குழு, இன்றைய விலையில் கணக்கு எழுதுங்கள் என்றே அறிக்கை கொடுத்தது. நான் பரீட்சைக்கு அதைப் படித்து மாய்ந்தவன்.

நம் நாட்டில் 1974இல் விலைவாசி ஏற்றம் 17.3 விழுக்காடு. அப்போது எனக்குப் பதினாறு வயது. அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணி (கணக்கெழுதுகிற குமாஸ்தா). சம்பளம் கூட்டினார்கள் என்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். மூன்றாம் மாதம் அம்மா பால் டின்னைக் கரண்டியால் சுரண்டி, சுடுதண்ணீர் ஊற்றி அலசி, அதையும் தேத்தண்ணீரில் விட்டுக் கலக்கினார். சம்பளச் சீட்டில் எண் கூடியிருந்தது, பால் டின் மட்டும் சீக்கிரம் காலியானது. எனக்குக் கணக்கியல் முதல் பாடம் அந்த அலசல்தான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஐரோப்பா பீரை ஒன்றாக்கியது, வரியை ஒன்றாக்கவில்லை. ஜெர்மனியில் 1516இல் பவேரியாவில் பிறந்த தூய்மைச் சட்டத்தைக் காட்டி, அந்த முறைப்படி வடிக்காததை பீர் என்று விற்கவே கூடாது என்று வைத்திருந்தார்கள். 1987 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம், மற்ற உறுப்பு நாடுகளிலிருந்து வருகிற பீருக்கு அது செல்லாது என்றது. 1993இல் ஒரே சந்தை வந்தது. சரக்கு தாராளமாகப் போகலாம், வரலாம். ஆனால் கலால் வரிக்குத் தரைமட்டும்தான் போட்டார்கள், கூரை போடவில்லை. தரை எவ்வளவு தெரியுமா? ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 1.87 யூரோ. 1992இல் முடிவு செய்தது, இன்றுவரை அதேதான். விலைவாசி எங்கேயோ போய்விட்டது, அந்த எண் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மனி ஏறக்குறைய அந்தத் தரையிலேயே நிற்கிறது. வடக்கே போகப் போக வரி ஏறும்.

நம்முடையதையும் சொல்கிறேன், நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2016 மார்ச்சில் இங்கே வைத்த வரி லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 175 வெள்ளி (2025 நவம்பரில் அதையும் பத்து விழுக்காடு ஏற்றினார்கள், நான் போடுவது அதற்கு முந்தைய கணக்கு). உங்கள் 320 மில்லி டின்னில் ஐந்து விழுக்காடு என்றால் 16 மில்லி. அதற்கு 2.80 வெள்ளி. அதற்கு மேல் விற்பனை வரி. ஐரோப்பியத் தரையில் அதே டின்னுக்கு 3 யூரோ சென்ட், நம் காசில் ஏறக்குறைய பதினைந்து காசு. நீங்கள் விற்கிற 8.50இல் மூன்றில் ஒரு பங்கு அரசாங்கத்துக்காக நீங்கள் கல்லாவில் வாங்கிக் கொடுப்பது.

கம்பெனிகளுக்கு லாபமா, தொல்லையா என்றீர்கள். இரண்டும். சரக்கு எங்கும் போகலாம் என்றால், விலை குறைந்த நாட்டில் வாங்கி விலை கூடிய நாட்டில் விற்க யாராவது லோரியோடு நிற்பார்கள். ஜூப்பிலர் என்று பெல்ஜியத்தில் பேர் போன பீர். பக்கத்து நெதர்லாந்தில் அதையே மலிவாகக் கொடுத்தார்கள். அது திரும்பி பெல்ஜியத்துக்கு வந்துவிடக் கூடாது என்று நெதர்லாந்து டின்னில் பிரெஞ்சு எழுத்தையே எடுத்துவிட்டார்கள், பெல்ஜியக் கடைக்காரர் வாங்கி அடுக்க முடியாத மாதிரி. 2019 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் அந்த பீரின் சொந்தக்காரரான ஏபி இன்பெவ் கம்பெனிக்கு 200 மில்லியன் யூரோ அபராதம் போட்டது. அதற்கு முன்னால் 2007இல், நெதர்லாந்தில் கூட்டுச் சேர்ந்து விலை பேசினார்கள் என்று ஹைனெகனுக்கும் 219 மில்லியன். ஒரே சந்தையை மேடையில் பாராட்டுவது எல்லா முதலாளிக்கும் சுலபம், அதில் போட்டி போடுவதுதான் கசக்கும்.

ஒரு சுவாரஸ்யம், கேள்விக்குச் சம்பந்தமே இல்லை. ஹைனெகன் கம்பெனி முதலாளி ஃபிரெடி ஹைனெகன் 1992இல் ஐரோப்பாவை 75 குட்டி நாடுகளாகப் பிரித்து ஒரே கூட்டாட்சி ஆக்கலாம் என்று இரண்டு வரலாற்றுப் பேராசிரியர்களை வைத்து ஒரு சிறு வெளியீடே போட்டார். பீர் விற்கிறவருக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டிருப்பார்கள். எனக்கென்னவோ, எல்லையில் நின்ற லோரிகளை எண்ணி எண்ணி வந்த யோசனை என்றுதான் தோன்றுகிறது.


வடகடல் எழுதியது:

அண்ணா, நான் சுங்கைப்பட்டாணிப் பொண்ணு. தாதி வேலைக்குப் படித்தவள், கல்யாணமாகி 1996இல் டென்மார்க் வந்தேன். வீட்டுக்காரர் யாழ்ப்பாணம். நாங்கள் இருப்பது தெற்குப் பக்கம், ஜெர்மன் எல்லைக்கு முக்கால் மணி நேரம். கிராணி மகன் ஐயா சொன்ன வரி வித்தியாசத்தை நான் மாதாமாதம் கண்ணால் பார்க்கிறேன்.

எல்லை தாண்டினதும் ஜெர்மன் பக்கம் பெரிய பெரிய கொட்டகைக் கடைகள். வெளியே நிற்கிற கார் முக்கால்வாசி டென்மார்க் நம்பர். பின்னால் டிரெய்லர் மாட்டிக்கொண்டு வருவார்கள். நம் ஊரில் கல்யாணச் சாமான் ஏற்றுகிற மாதிரி பெட்டி பெட்டியாக ஏற்றி, மேலே தார்பாய் போட்டுக் கட்டுவார்கள். வேடிக்கை என்னவென்றால், அதில் பாதிக்கு மேல் டென்மார்க் பீர்! இங்கே வடித்து, அங்கே போய், வரி குறைந்து, திரும்ப இங்கேயே வருகிறது. மிட்டாய், சோடா கூட அப்படித்தான். சொந்த உபயோகத்துக்கு என்றால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை, அதுதான் ஒரே சந்தை.

இன்னொன்று. ஜெர்மனியில் டின்னுக்கு முன்பணம் உண்டு, காலி டின்னைத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்ப வரும். ஆனால் இந்த எல்லைக் கடைகளில் டென்மார்க்காரர்கள், இதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் முன்பணம் கட்ட வேண்டியதில்லை. கல்லாவில் நிற்கிற பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தாளை நீட்டும். என் வீட்டுக்காரர் முதல் தடவை, இது என்ன, கடன் பத்திரமா என்று பயந்தார்.

நான் வந்த புதிதில் டென்மார்க் கடையில் டின் பீரே கிடையாது, சட்டம். எல்லாம் திருப்பிக் கொடுக்கிற போத்தல். அதை எதிர்த்து ஐரோப்பிய ஆணையம் நீதிமன்றம் போய், 1988இல் தீர்ப்பு வந்தது. சுற்றுச்சூழலுக்காகப் போத்தலைத் திரும்ப வாங்கும் முறையை ஒரு நாடு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். டின்னை அனுமதித்தது 2002இல்தான். யூரோவும் வேண்டாம் என்று 2000இல் ஓட்டுப் போட்டார்கள், இன்றைக்கும் குரோனர்தான். ஒன்றாகச் சேர்ந்திருக்கிறோம், ஆனால் அடுப்படி தனி, நம் கூட்டுக் குடும்பம் மாதிரி.

நம் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படத் தேவையில்லை. குவாலா கெடாவில் பெர்ரி ஏறி லங்காவிக்குப் போகிறவர்கள் கடற்கரை பார்க்க மட்டுமா போனார்கள்? 1987இல் வரியில்லாத தீவு ஆக்கினதிலிருந்து என் சித்தப்பா வருஷத்துக்கு இரண்டு தடவை போவார். நீந்தவே தெரியாத மனிதர்.


நல்வழி எழுதியது:

எல்லாரும் பெரிய பொருளாதாரம் பேசுகிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். கள்ளுக்கடையாலும் சம்சு என்கிற மலிவுச் சாராயத்தாலும் எத்தனை லயத்து வீடுகள் நாசமாயின என்று தெரியாதா? பீர் விற்பனை குறைந்தது என்றால் சந்தோஷப்பட வேண்டாமா? வரியை இன்னும் ஏற்றட்டும். தமிழன் கடையிலேயே விற்கிறீர்கள், அதில் பங்கு வேறு.


கிராணி மகன் எழுதியது:

நல்வழி ஐயா, கோபம் நியாயமானதுதான், நானும் லயத்தில் பார்த்தவன். ஒன்று மட்டும். பீர் வரி ஏறினால் தண்டல் பாதி டின்னுக்கு இறங்குகிறார், சரி. அவருக்குப் பின்னால் நிற்கிற ஆள் வரி கட்டாத கடத்தல் டின்னுக்கோ மலிவான சம்சுவுக்கோ போகிறார். லயத்தை நாசமாக்கியது நீங்களே சொன்ன அந்த சம்சு. வரிக்கு நான் எதிரி இல்லை, வரியை ஏற்றிவிட்டுக் கடத்தலைப் பார்க்காமல் இருப்பதற்குத்தான் எதிரி.


பாடாங் செராய் மளிகை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் கடையில் பெருமாள் கோயில் திருவிழாக் கூட்டம், அதனால் தாமதம்.

நல்வழி ஐயா, உங்களுக்கு முதலில். என் மாமனாரின் தம்பி சம்சுவில் போனவர். அதனால்தான் மாமனார் பீருக்கு மட்டும் லைசன்ஸ் எடுத்தார், கடைசிவரை வேறெதையும் கடைக்குள் விடவில்லை. நானும் விடவில்லை. குடித்துவிட்டு வருகிறவருக்கு இரண்டாவது டின் கொடுப்பதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, கேட்டீர்கள், சொன்னேன்.

கிராணி மகன் ஐயா, கோடு போடாத வரி என்று சொன்னீர்களே, அது குத்தியது. உடனே என் கணக்கிலும் கோடு போடாத வரியைத் தேடினேன். 2019இல் ஒரு டின் எனக்கு 5.70க்கு விழுந்தது. விற்றது 6.50. எண்பது காசு நின்றது. 960 டின்னுக்கு 768 வெள்ளி. இப்போது விழுவது 7.60, விற்பது 8.50. தொண்ணூறு காசு. பத்துக் காசு கூட என்று நானே தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் 744 டின்தானே. 669 வெள்ளி 60 காசு. மாதம் 98 வெள்ளி சொச்சம் குறைந்திருக்கிறது, நான் 84 வெள்ளி கூடியது என்று இங்கே வந்து எழுதியிருக்கிறேன்! குளிர்பெட்டிக்கு ஆகிற கரண்ட் இதில் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் பீர் விற்பதைவிட அந்த இடத்தில் இளநீர் விற்கலாம் என்று மனைவி சொல்கிறாள். அவள் சொல்வதைக் கணக்குப் போட்டுப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

அரிசி விஷயம் அப்படியே நடந்தது. என்னிடம் இருந்தது 50 இல்லை, 32 மூட்டை. விற்று முடித்த சாயங்காலம் நல்ல வியாபாரம் என்று மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் மொத்தக்கடையில் விலை கேட்டதும்தான் மீன் முள் தொண்டையில் சிக்கியது. உள்ளூர் அரிசி பத்துக் கிலோ 26 வெள்ளி கட்டுப்பாட்டு விலை என்றார்கள், வாரக்கணக்கில் என் கடைக்கு வரவே இல்லை.

கூலிம் தம்பி, உன் பேக்டரிக் கூட்டம் வாங்குகிற விலை கூடிய டின்னும் என்னிடம் இருக்கிறது. மாதம் இரண்டு பெட்டி. அதில்தான் டின்னுக்கு ஒன்றேகால் வெள்ளி நிற்கிறது, அதனால் நீ சொன்னதும் தப்பில்லை. இந்த ஊரில் அது சம்பள வாரத்தில் மட்டும் ஓடும்.

வடகடல் தங்கச்சி, அந்தத் தார்பாய் போட்ட டிரெய்லரை நினைத்து ரொம்ப நேரம் சிரித்தேன். மகனிடம் சொன்னேன், ஜூப்பிலர் டின்னில் பிரெஞ்சு எழுத்தை எடுத்த கதையையும் சொன்னேன். அவன் உடனே என் கடை டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எந்தெந்த மொழி இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்துவிட்டான். தமிழ் இல்லை.

தண்டலிடமும் சொன்னேன், அவர் குடிக்கிற அரை டின்னில் 1.40 வெள்ளிக்கு மேல் அரசாங்கத்துக்குப் போகிறது என்று. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கூட்டாளியைப் பார்த்து, "அப்போ நுரை யாருக்கு?" என்றார்.

ஒரு சந்தேகம் பாக்கி. பெரிய போத்தலுக்கு நானும் காலி போத்தல் காசு பிடிக்கிறேன். திருப்பிக் கொடுக்காதவர்களின் காசு என் கல்லாவிலேயே கிடக்கிறது. ஐயா, அதை லாபத்தில் எழுதலாமா, கடனில் எழுத வேண்டுமா? நாளைக் காலை லோரி வருகிறது, காலிகளை எண்ணிக் கட்ட வேண்டும். அதற்கு முன்னால் பதில் போட்டால் உதவியாக இருக்கும்.


கிராணி மகன் எழுதியது:

கடனில் எழுதுங்கள் அண்ணே. போத்தல் திரும்பி வரும்வரை அது அவர்கள் காசு. எத்தனை காலி வெளியே நிற்கிறது என்று அதே 555இல் பின்பக்கம் தனியாக ஒரு கோடு போட்டு வையுங்கள்.